கண்ணுக்கு நல்லது

உடுவில்
01.12.2024

சுபாஜினிக்கு,

வழமையாக எழுதும் அந்த முதல் சொல்லுக்குப் பேனா தானாகப் போனது. மறித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு அது பொருந்தாது.

உன்னுடைய இலக்கத்தை நான்தான் புளொக் பண்ணி வைத்திருக்கிறேன். அத்தானின் போனுக்கு எடுத்திருப்பாய், அவரும் கதைத்திருக்க மாட்டார். இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். எங்கள் வீட்டில் இரண்டே அறை. தாரிகா உள்ளே படுத்திருக்கிறாள். குசினியில் ஒரு கரண்டி விழுந்தாலும் "என்னம்மா அது?" என்று கேட்கிறாள். போனில் உன்னை ஏசத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லும் என் மகளின் காதில் விழும். கடிதத்தை அவளுக்குப் பக்கத்திலேயே இருந்து எழுதலாம். அவளால் வாசிக்க முடியாது.

ஊர்க்கதை உனக்கு வந்திருக்கும். ஆனாலும் முறையாக நான் சொல்கிறேன். பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லக்கூடாது.

சுவிசிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உங்கள் ஆட்களிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டாய். சொக்லேற், சவர்க்காரம், வருடாவருடம் வரும் மீன் ஈரல் எண்ணெய்க் குளிசைப் போத்தல். ஒரு பால்மா டின்னுக்குள் குளிசை அட்டைகள். பெட்டியும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. உன் கையெழுத்தில் மட்டும், "பிரவீணனுக்குப் பரு மாறின குளிசை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு." உன் மகன் ஆறடி. என் பிள்ளை நாற்பத்தொரு கிலோ.

பரு மாறியது, பொய் சொல்லக்கூடாது. ஒரு மாதத்தில் கன்னம் இரண்டும் துடைத்துவிட்டாற்போல வந்தது. உதடு வெடித்தது, அதற்கு நெய் பூசினோம். செப்டெம்பர் கடைசியில் தலையிடி தொடங்கியது. பிறகு கௌரி விரதம் வந்தது. இருபத்தொரு நாள் ஒரு நேரச் சாப்பாடு என்றால் யாருக்குத்தான் தலையிடி வராது? எனக்கும் இடித்தது. விரதத் தலையிடி என்று விட்டுவிட்டேன். தலைச்சூடு தணியட்டும் என்று கீரிமலைக்குக் கூட்டிப்போய் முழுக வைத்தேன். கேணியால் ஏறி வந்து, "அம்மா, காதுக்குள்ளை கடல் இரையுது" என்றாள். பக்கத்திலேதானே கடல் இருக்கிறது என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் இரைகிறது என்றாள். அப்போது நான் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் செய்யவுமில்லை.

விரதம் முடிந்து காப்புக் கட்டுகிற அன்று பொழுதுபடுகிற நேரம். ஐயர் கையை நீட்டச் சொன்னார். இவள் அவர் நிற்காத பக்கம் நீட்டினாள். கேட்டால், இருளுகிற நேரத்தில் பத்து நாளாகக் கண் மங்குகிறதாம். மாலையில் மங்கினால் என்ன? எட்டாம் வகுப்புக்கு இருபத்தாறு வருடமாக நான் படிப்பிக்கிற பாடம் அது. விற்றமின் A குறைந்தால் மாலைக்கண். அடுத்த நாளே தொடங்கினேன். அந்த மீன் ஈரல் எண்ணெய்க் குளிசை காலையில் மூன்று, மாலையில் மூன்று. விரதம் முடிந்ததால் ஆட்டீரலும்.

நவம்பர் பதினாலாம் திகதி காலையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவள், இடது கண்ணில் ஒன்றும் இல்லை என்றாள். மங்கல் என்று சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். முள்ளந்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற நீரின் அமுக்கம் கூடி, கண்ணுக்குப் போகிற நரம்பு வீங்கிப் போயிற்றாம். என்ன மருந்து எடுத்தவள் என்று கேட்டார்கள். உன் அட்டையைக் காட்டினேன், அன்றோடு அதை நிறுத்தினார்கள். என் மாணவன் வயதுதான் இருக்கும் அந்த டொக்டருக்கு. வார்ட் முழுக்கக் கேட்க, "இதின்ரை பெட்டி எங்கை? உள்ளை இருந்த விளக்கத் துண்டு எங்கை? நீங்கள் ரீச்சர் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்றார். வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அவர் கேட்டது மருந்தை. மீனெண்ணெயும் ஈரலும் சாப்பாடு. வார்டிலும் கைப்பையில் வைத்து நேரம் தவறாமல் கொடுத்தேன்.

இடது கண்ணில் இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். வலது கண் குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் இருக்குமா என்று டொக்டர்மார் சொல்கிறார்கள் இல்லை. அமுக்கம் குறைய ஒரு குளிசை தந்திருக்கிறார்கள், அதனால் பிள்ளையின் விரல்கள் விறைக்கின்றன. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். கண்ணுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

எதனால் வந்தது என்று அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. சின்னம்மா சின்னம்மா என்று உன்னையே கேட்கிறாள்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். பெட்டியை ஏன் கழற்றினாய்?

உதயகலா

*

பேர்ண்
13.12.2024

என்ரை அக்காவுக்கு,

எனக்கு உங்களைப்போலை வசனம் எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன். எழுத்தைப் பாத்துக் கோவிக்காதேங்கோ.

இண்டைக்கு மத்தியானம் வேலையாலை வந்து தபால்பெட்டியைத் திறந்தன். உங்கடை எழுத்தைக் கண்டதும் கோட்டைக்கூடக் கழட்டாமல் படியிலை இருந்து வாசிச்சன். வாசிச்சு முடிச்ச உடனை முதல் செய்த வேலை, உங்கடை பக்கத்து வீட்டுப் பராசக்தி அக்காவுக்குப் போன் எடுத்ததுதான். ஓடிப்போய் உங்களிட்டைச் சொல்லச் சொன்னன். அவ சொன்னவவோ தெரியாது. சொல்லாட்டில் இதிலை சொல்லுறன்.

அக்கா, உந்த மீனெண்ணெய்க் குளிசையை உடனை நிப்பாட்டுங்கோ. ஈரலும் வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன்.

பிள்ளைக்குக் கண் ஏலாது எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே இஞ்சை பாமசியிலை போய்க் கேட்டனான். அந்தப் பருக் குளிசை விற்றமின் A தானாம் அக்கா. விற்றமின் A-ஐ மாத்திச் செய்ததாம். அது உடம்பிலை கூடினால்தான் தலைக்குள்ளை தண்ணி அமத்துறது, பொழுதுபடக் கண் மங்கிறது, எல்லாம். நீங்கள் குறைஞ்சுபோச்சு எண்டு நினைச்சியள். கூடிப்போச்சு. மீனெண்ணெய்ப் போத்தலிலையும் A எண்டு பெரிசாப் போட்டிருக்கு. ஒரே சாமான்தான். பிள்ளைக்கு மேலை மேலை ஊத்திக்கொண்டிருக்கிறியள். டொக்டரிட்டைப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ. அந்தப் பெடியன் ஏசினால் ஏசட்டும்.

பெட்டியை ஏன் கழட்டினன் எண்டு கேட்டனீங்கள். ஊருக்குப் பொதி அனுப்புறவை ஆர்தான் பெட்டியோடை அனுப்புறவை? கொண்டுபோற ஆக்கள் எங்களுக்கு மூண்டு கிலோ தந்தவை. பற்பசைப் பெட்டியும் கழட்டினன், சவர்க்காரத்தின்ரை கடதாசியும் கழட்டினன். பெட்டி காத்தைத்தானே அடைச்சு வைச்சிருக்கு எண்டு நினைச்சன். உள்ளை இருந்த துண்டு டொச்சிலை, ஜேர்மன் பாஷையிலை. உங்களுக்கு விளங்காது, எனக்கே அரைவாசிதான் விளங்கும். பழைய பேப்பரோடை கட்டிப் போட்டிட்டன். இவ்வளவுதான் நடந்தது. வேறை ஒரு காரணமும் இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் எனக்கு இப்ப கொஞ்சம் சுகமா இருக்கும்.

இன்னொண்டு. எழுதக்கூடாது எண்டு பாத்தன், ஏலாமல் கிடக்கு. குளிசை கேட்டது நீங்கள். பிரவீணன்ரை பிறந்தநாள் படத்தைப் பாத்திட்டு, "இவன்ரை முகத்துக்கு என்ன போட்டனீங்கள், தாரிகாவுக்குப் பட்டமளிப்பு வருது, அந்தப் படம் காலத்துக்கும் சுவரிலை தொங்கப் போகுது" எண்டு கேட்டது ஆர்? நான் தரட்டோ எண்டு கேக்கேல்லை.

என்ரை நம்பரைத் திறந்துவிடுங்கோ அக்கா. கடிதம் வர ரெண்டு கிழமை. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கிழமை பெரிசு.

சுபா

*

உடுவில்
16.12.2024

சுபாஜினிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்கு முதல் உன் தூது வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, பால் எடுக்க வருகிறவன், அரிசிமா இடிக்கப் போகிற ஆட்கள், எல்லாரும் ஒழுங்கையில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் பராசக்தி எங்கள் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று கத்தினா. "உதயகலா, பிள்ளைக்கு மீனெண்ணெய் குடுக்காதையாம்! அதுதான் கண்ணைக் கெடுக்குதாம்! தங்கச்சி சுவிசிலையிருந்து அழுது அழுது சொல்லுறாள்!" சுவிசிலிருந்து நீ அழுதது உடுவில் முழுக்கக் கேட்டது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். நல்லகாலம், தாரிகாவின் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

குளிசை கேட்டது நான்தான் என்றும் பராசக்தியிடம் சொல்லிவிட்டாயாம். ஓம், கேட்டேன். அந்தப் பிள்ளை மூன்று வருடமாகக் கன்னத்தை மறைக்கத் தலைமயிரை இழுத்து விட்டுக்கொண்டு கம்பசுக்குப் போனாள். பட்டமளிப்புப் படத்தில் ஒருநாள் முழு முகத்தையும் காட்டட்டும் என்று நினைத்தேன். ஒரு தாய் நினைக்கக்கூடாததா? ஆனால் துண்டைக் கிழித்து எறிந்துவிட்டுத் தா என்று நான் கேட்கவில்லை.

உன் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. உன் குளிசை கண்ணைக் கெடுத்தது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். இப்போது பாதிப் பழியை என் தலையில் கட்டவேண்டும். அதற்கு மீனெண்ணெய் அகப்பட்டிருக்கிறது. நீ அனுப்பிய பாதியில் நஞ்சு இருந்தது, நான் கொடுத்த பாதியிலும் நஞ்சு இருக்கவேண்டும், அப்போதுதான் தராசு நேராக நிற்கும். சுபா, நீ ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் உனக்கு அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். கண்ணுக்கு எது நல்லது என்று எனக்குப் படிப்பிக்க வராதே.

அப்படியானால் துண்டை அனுப்பு. அச்சில் இருந்தால் நம்புகிறேன். பராசக்தியின் வாயில் வந்ததை நம்பமாட்டேன்.

மீனெண்ணெய்க் குளிசையை நான் நிறுத்தவில்லை. என் கையாலேயே தண்ணீரோடு கொடுக்கிறேன். ஈரலைத்தான் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இன்றைக்குப் பிள்ளையார் கதை விரதம் தொடங்குகிறது, இருபத்தொரு நாளும் சைவந்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். கண் வரவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறாளாம். அதை நான் எப்படி மறிப்பேன்?

உதயகலா

*

பேர்ண்
02.01.2025

அக்கா,

இந்த என்வலப்புக்குள்ளை ரெண்டு கடதாசி இருக்கு. மடிச்சு மடிச்சு மெல்லிசா இருக்கிறது அந்தத் துண்டு. பாமசியிலை கெஞ்சி ஒரு புதுப் பெட்டியிலை இருந்து எடுத்துத் தந்தவை. அச்சிலை இருக்கு, நீங்கள் கேட்ட மாதிரி. மற்றது பிரவீணன் தமிழிலை எழுதினது. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்திலை படிச்ச தமிழ், எழுத்துப்பிழை இருக்கும். ரெண்டு இரவு அகராதியை வைச்சுக்கொண்டு இருந்து எழுதினவன். நான் எழுதச் சொல்லேல்லை. தானாக் கேட்டு எழுதினவன். ஏன் எண்டதை இனித்தான் சொல்லவேணும்.

அக்கா, உங்களுக்கு நான் ஒரு பொய் சொன்னனான். பரு மாறினபடியால் குளிசை மிச்சம் வந்தது எண்டு சொன்னன். பிரவீணன் அதை முடிக்கேல்லை. டொக்டர் நிப்பாட்டினவர்.

குளிசை துவங்கி மூண்டாம் மாசம் அவனுக்குத் தலையிடி வந்தது. பேந்து ஒருத்தரோடையும் கதைக்கமாட்டான். திரைச்சீலையை இழுத்துவிட்டிட்டு அறைக்குள்ளையே கிடப்பான். ஃபுட்போல் விட்டான். ஒருநாள் நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கேக்கை வந்து, "அம்மா, எனக்கு உயிரோடை இருக்க விருப்பமில்லை" எண்டான். பால் முடிஞ்சுது எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னான். கத்தியைப் போட்டிட்டு அப்பிடியே அவனை இழுத்துக்கொண்டு டொக்டரிட்டை ஓடினன். இந்தக் குளிசை சிலபேருக்கு மனத்தையும் பிடிக்கும், தலையையும் பிடிக்கும் எண்டு சொல்லி அண்டைக்கே நிப்பாட்டினவர். ரெண்டு மாசத்திலை பழைய பிள்ளையா வந்திட்டான்.

உங்களுக்கு நான் சொல்லேல்லை. ஆருக்கும் சொல்லேல்லை. சொன்னால், சுபாவின்ரை பெடியனுக்கு மண்டை பிழை எண்டு கதை வந்திடும். அது இஞ்சை இருந்து உடுவிலுக்கு வர ஒரு மணித்தியாலம் போதும். முதல் பயந்தது உங்களுக்குத்தான். நீங்கள் சொல்லிக்காட்டுவியள். அவனுக்கு வந்தது அவன்ரை உடம்புக்கு மட்டும் எண்டு நினைச்சன். ஆறு பெட்டி மேசை லாச்சிக்குள்ளை கிடந்தது. எறிய மனம் வரேல்லை. அந்த நேரம் பாத்து நீங்கள் கேட்டியள். நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன் அக்கா. நல்லதாப் போச்சு எண்டுதான் நினைச்சன்.

தெரிஞ்சுகொண்டு குடுத்தன் எண்டு நீங்கள் சொல்லலாம். நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஒன்பதாம் வகுப்போடை விட்டவள் எண்டும் சொல்லுங்கோ. ஆனால் துண்டை வாசியுங்கோ. பிரவீணன் கோடு கீறி வைச்சிருக்கிற இடத்தை எண்டாலும் வாசியுங்கோ.

தாரிகா அக்காவோடை கதைக்கப் போறன் எண்டு பிரவீணன் நிக்கிறான். தனக்கு வந்ததைச் சொல்லவேணுமாம். விடமாட்டியளோ?

சுபா

*

உடுவில்
08.01.2025

சுபாஜினிக்கு,

உன் முதல் கடிதம் டிசெம்பர் கடைசியில்தான் வந்தது, மழையில் நனைந்து. வாசித்தேன். நிறுத்துங்கோ நிறுத்துங்கோ என்று எழுதியிருக்கிறாய். நான் நிறுத்தவில்லை. என்ன நடந்தது என்று கேள்.

திங்கட்கிழமை கிளினிக். அந்த இளம் டொக்டர் விளக்கைப் பிடித்து வலது கண்ணை நெடுநேரம் பார்த்தார். கணினியில் புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரியும்போது பொத்தானை அமத்தவேண்டும், அந்தப் பரீட்சையும் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல்முறை. "வீக்கம் நல்லா இறங்கியிருக்கு, ரீச்சர். டிசெம்பர் நடுவுக்குப் பிறகுதான் இறங்கத் துவங்கினது. இந்தக் கண்ணிலை இருக்கிறது நிக்கும் போலை கிடக்கு."

கேட்டாயா? முன்பு விரித்த புத்தகத்தில் ஒரு சொல் மட்டும் தெரிந்தது என்றாள், இப்போது ஒரு வரி தெரிகிறதாம். இடது கண் போனது போனதுதான். அதற்கு நான் அழுது முடியவில்லை. ஆனால் வலது கண் நிற்கப்போகிறது. நாளுக்கு ஆறு குளிசை, ஒரு நேரம்கூடத் தவறவில்லை. உன் பாமசிக்காரரிடம் போய்ச் சொல். துண்டில் என்ன அடித்திருந்தாலும் என் பிள்ளையின் கண்ணில் எழுதியிருப்பது இதுதான்.

போத்தல் முடிகிறது. உன்னிடம் கேட்கமாட்டேன், யாழ்ப்பாணத்தில் வாங்குவேன்.

உதயகலா

*

உடுவில்
26.01.2025

சுபா,

துண்டு பொங்கலுக்கு ஆறு நாள் கழித்து வந்தது. வீட்டில் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், ஆய்வுகூடத்தைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். பிரவீணன் சிவப்புப் பேனையால் கோடு கீறியிருந்தான். "விட்டமின் A, மீன் ஈறல் என்னெய் சேர்த்து எடுக்க கூடாது. தலைவழி, பார்வை மங்கல் வந்தால் உடனே நிப்பாட்டி வைத்தியரிடம் போகவும்." எழுத்துப்பிழைகளைத் திருத்தக் கை போனது. அதைத்தான் முதலில் செய்யப் பார்த்தேன், இருபத்தாறு வருடப் பழக்கம்.

அப்போதும் நான் நம்பவில்லை. என் பிள்ளைக்கு வீக்கம் இறங்குகிறதே, பிறகு எப்படி என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் மகனின் கதையை வாசித்து ஒருநாள் முழுக்க உன்னைத் திட்டினேன். ஆறு பெட்டியையும் கிணற்றில் போட்டிருக்கலாம். அதை உன்னால் செய்ய முடியாமல் போனதை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை. வருமோ தெரியாது.

வியாழக்கிழமை பராசக்தியின் கோழிகள் வேலிக்குள்ளால் நுழைந்து தாரிகாவின் யன்னலுக்குக் கீழே கிளறிக்கொண்டு நின்றன. ஈர்க்கு விளக்குமாற்றோடு துரத்தப் போனேன். மண்ணுக்குள் மஞ்சளாகச் சின்னச் சின்னதாக என்னவோ கிடந்தது. மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டி, கோழி கொத்தி உடைத்த இடத்தில் எண்ணெய் கசிந்து மீன் மணத்தது. ஒன்று இரண்டு இல்லை. மண்ணைத் தள்ளத் தள்ள வந்தது. யன்னலுக்குள்ளே அவள் இருந்தாள். நான் நிற்கிறது அவளுக்குத் தெரியும், விளக்குமாற்றுச் சத்தம் நின்றதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எப்ப துவக்கம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"பராசக்தி மாமி வந்து கத்தின அண்டையிலையிருந்து."

"ரேடியோ பாடினதே."

"நான்தான் சத்தத்தைக் குறைச்சனான் அம்மா. என்னைப் பற்றி என்ன கதைக்கினம் எண்டு கேக்கத்தானே வேணும். நீங்கள் ஒருத்தரும் எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை."

கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்து, தண்ணீரை மட்டும் விழுங்கியிருக்கிறாள். நான் திரும்பியதும் யன்னலால் துப்பியிருக்கிறாள். பிள்ளையார் விரதமும் ஈரலுக்காகத்தான். சுவாமி பேரில் பொய் சொன்னாயே என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னால் விடுவியளோ? சின்னம்மாவிலை இருந்த கோவத்திலை இன்னும் ரெண்டைக் கூட்டித் தந்திருப்பியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தந்திருப்பேன் சுபா. எனக்கு என்னைத் தெரியும், தந்திருப்பேன்.

டிசெம்பர் நடுவுக்குப் பிறகுதான் வீக்கம் இறங்கத் தொடங்கியது என்று டொக்டர் சொன்னதை உனக்கு எவ்வளவு பெருமையாக எழுதினேன். பராசக்தி கத்தியது டிசெம்பர் பதினாலாம் திகதி.

அடுத்த நாள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். மீனெண்ணெய் எத்தனை, ஈரல் எத்தனை தரம், வார்டில் கைப்பைக்குள் வைத்துக் கொடுத்தது, அவர் கேட்டபோது இல்லை என்றது. அவர் ஏசவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தார். "நான் அதைச் சேர்த்துக் குடுக்காமல் விட்டிருந்தால் இடது கண் தப்பியிருக்குமோ?" என்று கேட்டேன். "அதை ஆராலையும் சொல்லேலாது ரீச்சர்" என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கேள்வியை இனி நான்தான் வைத்திருக்க வேண்டும். நீ உன் பங்கை வைத்திரு. தராசு என்று ஒருமுறை எழுதினேன், அந்தச் சொல்லை அழித்துவிடு.

உன்னுடைய இலக்கத்தைத் திறந்துவிட்டேன். பிரவீணன் எடுக்கட்டும், தாரிகா அவனோடு கதைக்க ஆசைப்படுகிறாள். எனக்கு நீ இப்போதைக்கு எடுக்காதே. உன் குரலைக் கேட்டால் ஏசுவேனோ அழுவேனோ தெரியவில்லை, இரண்டுக்கும் இந்த வீட்டில் இடமில்லை. எனக்கு எழுது.

பட்டமளிப்புக்குப் போகமாட்டேன் என்கிறாள். பிடித்து இழுக்க எனக்கு இனி உரிமை இல்லை.

நேற்றுப் பின்னேரம் அவளுக்குத் தலையிடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வெயிலில் இருந்தவள். டொக்டர் எழுதித் தந்த தலையிடிக் குளிசையை எடுத்துக்கொண்டு போனேன். இனிமேல் எந்தக் குளிசையையும் அட்டையிலிருந்து உடைக்காமல் தரவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள், அப்படியே கொடுத்தேன். வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள், எழுத்து சின்னன், பிடிபடவில்லை. என்னிடம் நீட்டுவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி, "அப்பா, இதை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டாள். அவர் வெங்காயப் பாத்தியிலிருந்து வந்து, கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். "ஓம் பிள்ளை, இது சரியான குளிசைதான்" என்றார். அதற்குப் பிறகுதான் விழுங்கினாள். நான் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன்.

உதயகலா